ரூபாவின் பெறுமதியும் ‘பேரின்’ பெறுமதியும்: தெமோதரையிலிருந்து இலங்கை நாணய வரலாற்றை நோக்குதல்

1

மலையக மக்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவும் குடியுரிமையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாறு பணத்தின் வரலாறாகவும் எழுதப்படுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வாதமாகும். தோட்டத் தொழிலாளியின் கூலி எத்தனை சதம், எத்தனை ரூபா என்பது பற்றிய போராட்டங்கள் பதிவாகியுள்ளன. அந்த ரூபாவின் பெறுமதி எங்கே, எவரால், எவருடைய நலன் கருதித் தீர்மானிக்கப்பட்டது என்ற வினாவோ அத்துணை கவனம் பெறவில்லை.

இலக்கிய மாணவன் ஒருவன் நாணயக் கொள்கை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் மலையகத்தின் பேச்சுமொழியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இது வியப்பாகாது. ஒரு நாட் கூலியைத் தோட்ட மக்கள் ‘பேர்’ என்பர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மேலதிகமாகப் பறித்த கொழுந்துக்குக் கிடைப்பது ‘கைக்காசு’. தொழிலாளியின் கடனை எழுதி அவரை ஒரு தோட்டத்திலிருந்து விடுவிக்கும் சீட்டு ‘துண்டு’. மனிதரின் பெயரே கூலியின் அலகாக மாறிய மொழி இது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலும் கங்காணியும் கணக்கும் கடனும் வந்துபோவதைக் காணலாம். இச்சொற்களின் பின்னாலுள்ள பொருளாதார உறவுகளை விளங்கிக்கொள்ளாது அவ்விலக்கியத்தின் பகைப்புலத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

பெயரளவுக் கூலிக்கும் உண்மைக் கூலிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மார்க்ஸ் 1849இல் வெளியான ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ என்ற நூலில் விளக்கினார். தொழிலாளிக்குக் கிடைக்கும் காசின் தொகை மாறாதிருக்கையிலேயே அக்காசின் பெறுமதி வீழ்ந்து, அவரது உண்மைக் கூலி குறைந்துவிடலாம் என்பது அவரது விளக்கத்தின் சாரம். முதலாளி கூலியைக் குறைத்தால் தொழிலாளி அதனைக் காண்கிறார், எதிர்க்கவும் செய்கிறார். நாணயத்தின் வழியாக நிகழும் குறைப்பு அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே மத்திய வங்கியின் வெளிப்படைத்தன்மை என்று இன்று பேசப்படும் விடயம் வெறும் நிருவாக ஒழுங்கு பற்றியதன்று, கூலி பற்றியது.

பதுளையை அண்மித்த தெமோதரையை நமது நோக்குநிலையாகக் கொள்வோம். 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதை இங்கே மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த புகையிரத நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினூடே செல்கிறது. சுற்றுலாப் பயணிகள் வியந்து நோக்கும் இப்பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதற்கென அமைக்கப்பட்டது. கொழும்பில் ஏலம் விடப்பட்டு அந்நியச் செலாவணியாக மாறும் அத்தேயிலைக்கும், தெமோதரையின் லயத்துக்குத் திரும்பிவரும் ரூபாவுக்கும் இடையிலே நிகழ்வது யாது?

2

ஊவாவின் பெருந்தோட்டப் பொருளாதாரம் தேயிலைக்கு முன்னர் கோப்பியின் மீது எழுந்தது. அதனை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாக இனங்காணப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. நோய் பரவப் பரவ, கோப்பித் தோட்டங்களை ஈடாகக்கொண்டு கடன் வழங்கியிருந்த வங்கிகள் ஆட்டங்கண்டன. 1884ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் தன் கதவுகளை மூடிற்று. அக்காலத்தில் இலங்கையிற் புழங்கிய தாள்நாணயத்தை வெளியிட்டவை தனியார் வங்கிகளே. அவற்றுள் முதன்மையானது இவ்வங்கி. அதன் தாள்களை வைத்திருந்தோர் செய்வதறியாது நின்றபோது, தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என அறிவித்தார். அதே ஆண்டில் தாள்நாணயக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. நாணய ஆணையாளர் சபை அமைந்தது. 1885 முதல் தாள்நாணயம் அரசின் பெயரால் வெளிவரலாயிற்று.

இந்நிகழ்ச்சி, அரச நாணயத்தின் தொடக்கம் என நமது பொருளாதார வரலாறுகளில் இடம்பெறுகிறது. தொழிலாளியின் நிலை யாதாயிருந்தது என நோக்கின் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அவர் கையில் வங்கித்தாள் இருந்தது அரிது. அவரது கூலி மாதக்கணக்கில் நிலுவையாகவே கிடந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மாதக் கூலியை அம்மாத முடிவிலிருந்து 60 நாட்களுக்குள் வழங்குமாறு விதித்தது. இது சீர்திருத்தமாகவே கருதப்பட்டது. சீர்திருத்தமே 60 நாட் பிற்போடலை அனுமதித்ததெனில் முந்திய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அவ்விடைக்காலத்தில் தொழிலாளி தோட்டம் வழங்கிய அரிசியையும் பெரிய கங்காணியின் கடனையும் கொண்டே சீவித்தார். அதாவது, தோட்ட உரிமையாளர் தொழிலாளரிடமிருந்து வட்டியின்றிக் கடன்பெற்றுக்கொண்டிருந்தார். கணக்குப் புத்தகத்திலோ கடன்காரராகப் பதியப்பட்டவர் தொழிலாளியே. கடனைத் தொழிலாளியோடு பிணைத்த ‘துண்டு’ முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இக்காலத்திலேயே நாணயப் பெறுமதி பற்றிய பெரும் மாற்றமொன்றும் நிகழ்ந்தது. இலங்கை 1872 முதல் ரூபா–சதக் கணக்கைப் பின்பற்றியது. அது இந்திய வெள்ளி ரூபாவாகும். உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழவே, 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு சிலிங் பெறுமதியுடையதாயிருந்த ரூபா, 1890களின் தொடக்கத்தில் ஒன்றேகால் சிலிங் அளவுக்கு இறங்கிற்று. இலண்டனில் ஒரு பவுணுக்கு விற்ற விளைபொருள் முன்னர் 10 ரூபாவைத் தந்தது. இப்போது 16 ரூபாவைத் தந்தது. கூலி சதக்கணக்கிலே நெடுங்காலம் ஏறத்தாழ அசையாது நின்றது. வரவு பொன்னில், செலவு வெள்ளியில். கோப்பியின் அழிவுக்குப் பின்னர் தேயிலை அத்துணை விரைவாக வேரூன்றியமைக்கு மண்ணும் மழையும் மட்டுமன்றி இவ்விடைவெளியும் துணைநின்றது.

இங்கு மிகைப்படுத்தல் ஆகாது. தொழிலாளியின் அரிசி வெள்ளி நாணய நாடாகிய இந்தியாவிலிருந்தே வந்தது. அவர் ஊருக்கு அனுப்பிய காசும் அதே ரூபாவே. ஆகவே வெள்ளியின் வீழ்ச்சி அவரது சோற்றை உடனடியாகப் பறித்தது என்று கூறிவிட முடியாது. கூறக்கூடியது இது: நாணயத்தின் வழியாகப் பெருகிய உபரி முற்றாக மூலதனத்தின் பக்கமே சென்றது, கூலியில் அது தோன்றவேயில்லை. இந்திய நாணயச்சாலைகள் 1893 யூன் மாதத்தில் தனியாரின் வெள்ளிக்கு மூடப்பட்டு, பின்னர் ரூபா ஒரு சிலிங் நாலு பென்சில் நிலைநிறுத்தப்பட்டது. இத்தகைய முடிவுகள் இலண்டனில் அமைந்த குழுக்களில் ஆராயப்பட்டன. வணிகரும் வங்கியாளரும் ஆங்கே சாட்சியமளித்தனர். கொழுந்து பறித்தவரிடம் எவரும் கேட்கவில்லை.

நாணய ஆணையாளர் சபை முறையின் இயல்பையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். வெளிநாட்டுச் சொத்துக்களின் பின்னணியிலேயே அது நாணயத்தை வெளியிட்டது. ஏற்றுமதி வருவாய் பெருகினால் நாட்டிற் பணம் பெருகும். அது சுருங்கினால் பணமும் சுருங்கும். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது தேயிலை விலையின் வீழ்ச்சியைத் தணிப்பதற்கு நாட்டினுள் எக்கருவியும் இருக்கவில்லை. கூலியே தணிகருவியாயிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச்சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட கூலி வீதங்கள் மந்தகாலத்திற் குறைக்கப்பட்டன. பலர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

3

1934இல் அறிக்கை சமர்ப்பித்த வங்கி ஆணைக்குழுவும், 1939இல் தோன்றிய இலங்கை வங்கியும் சுதேச முதலாளி வர்க்கத்தின் கோரிக்கைகளுக்கு வழிதிறந்தன. சுதந்திரத்தின் பின்னர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் எக்ஸ்டர் தயாரித்த அறிக்கையின் அடிப்படையில் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஓகஸ்ட் 28ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. எக்ஸ்டரே அதன் முதலாவது ஆளுநர். குடியேற்றநாட்டு நாணய முறையிலிருந்து விடுபட்டமை முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. நாட்டின் உற்பத்தி வளங்களை விருத்திசெய்தலும், உற்பத்தி, வேலைவாய்ப்பு, உண்மை வருமானம் ஆகியவற்றை உயர்நிலையிற் பேணுதலும் அச்சட்டத்தின் குறிக்கோள்களுள் அடங்கியிருந்தன.

எனினும் இச்சட்டத்தின் பிறப்பாண்டைக் கவனித்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்குரிமையைப் பறித்தது. அதே ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமே நாணய விதிச் சட்டம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளையிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். தலவாக்கலையிலிருந்து சென்றவர் மேலே குறிப்பிட்ட சி. வி. வேலுப்பிள்ளை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் ஒருவர்தானும் தெரிவாகவில்லை. ஆக, அத்தேர்தலின் பின்னர் மத்திய வங்கி எந்தப் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டியதோ அந்தப் பாராளுமன்றத்தில், நாட்டின் செலாவணியை ஈட்டித்தந்த மக்களுக்கு இடமிருக்கவில்லை. இவ்விரு சட்டங்களையும் தனித்தனி அத்தியாயங்களில் படிக்கும் நமது வழக்கம் இத்தொடர்பை மறைத்துவிடுகிறது.

வெளிப்படைத்தன்மையைப் பொறுத்தவரை நாணய விதிச் சட்டம் இருமுகங் கொண்டதாகவிருந்தது. ஆண்டறிக்கை வெளியிடப்பட்டது. நமது பொருளாதாரம் பற்றி எழுதுவோர் எல்லாரும் அவ்வறிக்கைகளுக்குக் கடமைப்பட்டுள்ளனர். ஆனால் அச்சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி ஒவ்வோராண்டும் செத்தெம்பர் 15ஆந் திகதிக்கு முன்னர் நாணயச் சபை நிதியமைச்சருக்கு இன்னோர் அறிக்கையைச் சமர்ப்பித்தல் வேண்டும். வரவிருக்கும் வரவுசெலவுத் திட்டம் பற்றிய எச்சரிக்கைகளும் ஆலோசனைகளும் அடங்கிய அவ்வறிக்கை இரகசியமானதாகவே பேணப்பட்டு வந்தது. நடந்து முடிந்தவற்றை மக்கள் படிக்கலாம். நடக்கவிருப்பவை பற்றிய எச்சரிக்கையை அமைச்சர் மட்டுமே படிக்கலாம் என்பதே இவ்வேற்பாட்டின் பொருள்.

1967 நவம்பரில் ரூபாவின் பெறுமதி 20 சதவீதம் குறைக்கப்பட்டது. டொலருக்கு 4.76 ரூபாவாக இருந்த வீதம் 5.95 ஆயிற்று. அதனையடுத்து ஊழியர்க்கு இடைக்காலப் பெறுமதியிறக்கப் படி வழங்குவதற்கென 1968இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. படியின் அளவு பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, அதன் பெயர் சிந்தனைக்குரியது. நாணயத்தின் பெறுமதியை இறக்குவது கூலியை இறக்குவதாகும் என்பதை அரசே சட்டத்தின் தலைப்பில் ஒப்புக்கொண்டது! 1977 நவம்பரில் செலாவணி வீதம் ஒருமுகப்படுத்தப்பட்டு டொலர் 16 ரூபாவானபோதும், அதன் பின்னரும், அத்தகைய ஒப்புதல் படிப்படியாக மங்கிற்று. கூலி ஒரு பேரமாகவும் நாணயம் ஒரு தொழில்நுட்பமாகவும் பிரிக்கப்பட்டன. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னர் இப்பிரிவு முழுமையடைந்தது.

4

அண்மைக்கால நெருக்கடி இப்பிரிவின் விளைவை அப்பட்டமாகக் காட்டிற்று. 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாயிருந்த, மத்திய வங்கி வைத்திருந்த அரச பிணையங்களின் தொகை, 2021 இறுதியில் ஏறத்தாழ 1,400 பில்லியன் ரூபாவை எட்டியது. வரிகள் குறைக்கப்பட்டு அரச வருமானம் வீழ்ந்த இடைவெளியைப் புதிய பணம் நிரப்பிற்று. 2021 செத்தெம்பரிலிருந்து டொலர் 203 ரூபாவளவில் பிடித்துவைக்கப்பட்டது. வெளிநாட்டு ஒதுக்குகள் கரைந்தன. 2022 மார்ச்சு 7ஆந் திகதி பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. ஏப்பிரல் 8ஆந் திகதி கொள்கை வட்டி வீதங்கள் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தப்பட்டன. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் மீளளிப்பு இடைநிறுத்தப்பட்டது. செத்தெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இவ்வெண்களைத் தெமோதரையின் ‘பேருக்கு’ மாற்றிப் பார்ப்போம். நெடிய போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டது. 203 ரூபா வீதத்தில் அது ஏறத்தாழ 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் குறைவு. அந்தப் பேர் ஈட்டித்தந்த தேயிலையோ டொலரில் விற்கப்பட்டது. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி ரூபா விலை 2021ஐ விட 2022இல் ஏறத்தாழ இரு மடங்காகியது. இரசாயன உரத் தடையால் விளைச்சல் குறைந்ததும் கம்பனிகளின் ஏனைய செலவுகள் ஏறியதும் உண்மையே. எனினும் கூலி 2024 செத்தெம்பர் வரை 1,000 ரூபாவிலேயே நின்றது. இடையில், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. 1890களில் வெள்ளியின் வீழ்ச்சி செய்ததை 2022இல் மிதக்கவிடப்பட்ட ரூபா செய்தது. இம்முறை சோறும் தப்பவில்லை.

2024 செத்தெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஊக்கத்தொகையாக 350 ரூபா குறிப்பிடப்பட்டது. அப்போது விலைமட்டம் 2021ஆம் ஆண்டின் மட்டத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கியிருந்தது. கூலி மூன்றிலொரு பங்கு மட்டுமே கூடியிருந்தது. ஊக்கத்தொகையைச் சேர்த்தாலும் 2021இல் வாங்க முடிந்ததை அக்கூலியால் வாங்க இயலாது. பணவீக்கம் தணிந்துவிட்டது என்ற செய்தியை லயத்திலுள்ள பெண் நம்ப மறுப்பது இதனாலேயே. பணவீக்கம் குறைதல் என்பது விலை குறைதல் அன்று. ஏறும் வேகம் குறைதல் மட்டுமே. இவ்வேறுபாட்டை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

தொழிலாளிக்கும் மத்திய வங்கிக்கும் இடையே நேரடித் தொடர்பொன்றும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியின் பணத்தை முதலீடு செய்யும் பொறுப்பு நாணயச் சபையிடம் விடப்பட்டது. 2015 பெப்புருவரி 27ஆந் திகதி 1 பில்லியன் ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட திறைசேரி முறி ஏலத்தில் 10 பில்லியன் ரூபாவுக்கான கேள்விகள் ஏற்கப்பட்டன. பின்னர் நியமிக்கப்பட்ட சனாதிபதி விசாரணை ஆணைக்குழு, அம்முறிகள் கைமாறிய வழியிற் சேமலாப நிதியும் நட்டமடைந்ததைச் சுட்டிக்காட்டிற்று. 2023 யூலையில் பாராளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலே, வங்கிகள் வைத்திருந்த முறிகள் விலக்களிக்கப்பட்டன. சேமலாப நிதிகளோ குறைந்த வட்டியுடைய நீண்டகால முறிகளை ஏற்கவேண்டியிருந்தன; ஏற்காவிடின் 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீத வரி. சேமலாப நிதியை உடைய தொழிலாளி ஓய்வுபெறும்போது பெறும் தொகை இவ்வாறு தீர்மானிக்கப்பட்டதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

5

2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கியது. மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உட்பட ஆட்சியிலும் நிருவாகத்திலும் உயர்பதவி வகித்தோர், பொருளாதார முகாமையிற் பொதுநம்பிக்கையை மீறினர் என அது கூறிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அரசின் முறிகளை முதல்நிலைச் சந்தையில் மத்திய வங்கி வாங்குவதை அச்சட்டம் தடைசெய்கிறது. அதன்கீழ் 2023 ஒக்டோபரில் செய்யப்பட்ட உடன்படிக்கை பணவீக்க இலக்கை 5 சதவீதம் என வரையறுத்தது. இலக்குத் தொடர்ந்து இரு காலாண்டுகளுக்கு எல்லை தாண்டித் தவறின், காரணங்களை விளக்கிப் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடல் வேண்டும். மக்களுக்கும் அதனை வெளியிடல் வேண்டும்.

முற்போக்காளர் சிலர் இச்சட்டத்தை நிதி மூலதனத்தின் கருவியென்று முற்றாக நிராகரிக்கின்றனர். இந்நிலைப்பாடு போதியதன்று. அளவின்றி அச்சிடப்பட்ட பணத்தால் முதலில் நசுங்கியவர் நாட்கூலி பெறுபவரே. விலை உறுதி தொழிலாளியின் நலனுமாகும். இரகசியமாகச் செய்யப்பட்டதை எழுத்திற் கேட்கக்கூடியதாக ஆக்கியமை ஒரு பேறே. ஆயின் அப்பேற்றின் எல்லைகளையும் சுட்டுதல் ஆய்வாளரின் கடமையாகும்.

முதலாவது எல்லை, அளவுகோல் பற்றியது. இலக்கு கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டது. அது கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை அளப்பது. கோதுமை மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் பெரும்பங்கு வகிக்கும் லயத்துச் செலவு அதில் எவ்வளவு பிரதிபலிக்கும்? குடியேற்றநாட்டு ஆட்சியின் இறுதிக் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனியான வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் கணிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, நாம் முன்னேறியுள்ளோமா என்ற ஐயம் எழுகிறது.

இரண்டாவது எல்லை, கூலியோடுள்ள தொடர்பு பற்றியது. நாணயப் பெறுமதி வீழ்ந்தால் ஏற்றுமதியாளரின் ரூபா வரவு தானாகவே உயர்கிறது. தொழிலாளியின் கூலி உயர்வதற்கோ பேச்சுவார்த்தையும் வர்த்தமானியும் வழக்கும் என ஆண்டுகள் கழிகின்றன. 2021க்கும் 2024க்கும் இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் அதற்குச் சான்று. கூலியைச் சுட்டெண்ணோடு இணைக்காத நாணயக் கொள்கை எத்துணை வெளிப்படையாயினும் ஒருபக்கச் சார்புடையதே.

மூன்றாவது எல்லை, கேட்பவர் பற்றியது. அறிக்கை தமிழிலும் வெளிவரலாம். ஆயின் ‘கொள்கை வட்டி வீதம்’, ‘திறந்த சந்தைத் தொழிற்பாடு’ என்னும் தொடர்கள் தெமோதரையில் எவருக்கும் எதனையும் வெளிப்படுத்தா. பேர், அரைப்பேர், கைக்காசு என்ற சொற்களில் அக்கொள்கையை எடுத்துரைக்கும் பணி தொழிற்சங்கங்களுடையது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களுடையதும் ஆகும். தொழிற்சங்கங்கள் சந்தாவுக்கும் அமைச்சுப் பதவிக்கும் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியை இதற்குக் காட்டியிருப்பின், 2022 மார்ச்சு மாதத்திலேயே கூலி மீளாய்வுக் கோரிக்கை எழுந்திருக்கும்.

1884இல் வங்கித்தாள் வைத்திருந்தோரை அரசு காத்தது. 2023இல் வங்கிகளைக் காத்தது. இரு சந்தர்ப்பங்களிலும் கூலியாக நிலுவையிலும், சேமலாபமாக நிதியிலும் பிறர் கையிலே பணம் வைத்திருந்தவர் தொழிலாளி. அப்பணத்தின் பெறுமதி பற்றிய முடிவு எடுக்கப்படும் இடத்தில் அவருடைய குரலுக்கு இடங்கிடைக்கும்வரை, வெளிப்படைத்தன்மை என்பது சந்தைக்குக் காட்டும் கணக்காகவே இருக்கும். மக்களுக்குக் காட்டும் கணக்காகாது. 2021இன் 1,000 ரூபா 2022இல் எவ்வளவு வாங்கியது, எஞ்சியது எவர் கைக்குச் சென்றது என்பதைத் தெமோதரையின் சம்பள நாளிலே ஒரு தொழிலாளி கேட்டு, அதற்கு விடையும் பெறக்கூடிய நிலையே இத்துறையில் நாம் வேண்டிநிற்கும் சனநாயகமாகும்.